‘சில்லி’ என்னுஞ் சொல்

ஆங்கிலத்தில் மடமையைச் சுட்டும் எளிய சொற்களுள் ‘சில்லி’ என்பது ஒன்று. மாணவராகிய நம் நாவிலும் அது பயில்வதுண்டு. அதன் வரலாற்றை ஆராயுமிடத்து நமக்கு வியப்பே விளைகின்றது.

பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல் நற்பேறு பெற்றவன், இன்புற்றவன் என்னும் பொருளுடையதாயிருந்தது. அதன் இனச்சொல்லாகிய ஜெர்மானிய ‘ஸேலிக்’ இன்றும் பேறுபெற்ற நிலையையே உணர்த்தும். ஆங்கிலத்திலோ அது சூதறியாதவன், இரங்கத்தக்கவன், வலியற்றவன் எனப் படிப்படியே பொருள் திரிந்து, 16-ஆம் நூற்றாண்டில் அறிவிலி என்னும் பொருளை எய்திற்று. ஆதலின், பழம்பாடல்களில் ஆடுகள் இவ்வடை பெற்று வருமிடத்து, அவற்றின் தீங்கறியாமையும் திக்கற்ற நிலையுமே கருத்தென்க. கிரிக்கெட்டில் மட்டையாளனை மிக நெருங்கி நிற்கும் இடங்களும் இவ்வடை பெறும். அங்கு நிற்றல் மடமையோ துணிவோ, நிற்பாரே அறிவர்.

நந்தமிழிலும் ‘வெள்ளை’ என்பது கள்ளமின்மையையும் அறியாமையையும் ஒருங்கே குறித்தல் காண்க. சூதறியாரை மூடரென எள்ளும் மனப்போக்கு இருமொழியாளர்க்கும் பொதுவாதலை இவை காட்டுகின்றன. சொல்லின்மேற் குற்றமில்லை, வழங்கினார் உள்ளமே அதன் பொருளைத் தாழ்த்திற்று. ஆகவே, ஒருவனை இச்சொல்லாற் சுட்டுமுன், அவன்பாற் காண்பது மடமையோ கள்ளமின்மையோ எனச் சிறிது எண்ணுவோமாக.