புள்ளி போட்ட கண்ணாடி

"கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்கு டாக்டர். கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" கூடுவாஞ்சேரியில் ஓர் அம்மா, ஒன்பது வயது மகனின் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஏமாற்று இல்லை. புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குட்டி லென்ஸ்.

கிட்டப்பார்வைப் பிள்ளைகளுக்கு விழி பின்பக்கமாக நீண்டுகொண்டே போகும், பவரும் ஏறும். இந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி வழக்கம்போல் பார்வையைச் சரிசெய்கிறது. சுற்றியுள்ள குட்டி லென்ஸ்கள் கொஞ்சம் ஒளியை விழித்திரைக்கு முன்னாலேயே குவிக்கின்றன. 'இனி நீளாதே' என்று கண்ணுக்கு அது ஒரு சைகை என்று கருதுகிறார்கள். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் 2 ஆண்டு சோதித்ததில், பவர் ஏறும் வேகம் சுமார் பாதியானது.

அதில் புள்ளிகள் தேன்கூடு மாதிரி வரிசையாக இருந்தன. வரிசையில்லாமல் இறைத்து வைக்கும் முறையும் உண்டு. எதற்கு? இரவில் குடைத்துணி வழியாகத் தெருவிளக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு பல விளக்காகக் கட்டம் கட்டித் தெரியும். ஒரே சீரான இழைகள் செய்கிற வேலை அது. குட்டி லென்ஸ்களைக் கோலப்புள்ளி போலச் சம இடைவெளியில் வைத்தாலும் அந்த வம்பு வரலாம். தாளித்த கடுகு தெறித்தாற்போல இடைவெளியைக் கலைத்துவிட்டால், போலி விளக்குகள் மங்கிவிடும்.

"பொன்னாங்கண்ணி கொடுத்தா கண்ணாடியைக் கழட்டிடலாமா?" என்றார் அடுத்து. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: கீரை கொடுங்கள், நல்லது. ஆனால் நீண்ட விழியை அது சுருக்காது. கண்ணாடியும் சுருக்காது, நீளும் வேகத்தைத்தான் குறைக்கும். பெட்டியில் வைத்தால் அதுவும் கிடையாது. பையன் தினமும் 2 மணி நேரம் வெளியே விளையாடட்டும். ஆறு மாதத்துக்கொரு முறை கண் டாக்டரிடம் பவர் பாருங்கள்.