புள்ளியைத் தொலைக்காதே, தம்பி

அன்புத் தம்பி,

போன வாரம் கலெக்டர் ஆபீஸ் வாசலில், நிலத்தை எடுக்காதே என்று உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்களைப் பார்க்கப் போனேன். ஒரு பாட்டியம்மாள் கையில் உன் அட்டை இருந்தது. ‘இது எங்கள் மண்.’ எழுதியது நீ என்று பிறகுதான் சொன்னார்கள்.

அந்த ‘ண’ இருக்கிறதே! மூன்று சுழியையும் ஏர் திரும்பும் சால் போல இழுத்திருக்கிறாய். ஐம்பது வருஷம் சுவரில் எழுதியவன் சொல்கிறேன், அப்படி ஒரு ‘ண’ என் கையிலிருந்து வந்ததில்லை. பார்த்துக் கண் கலங்கினேன்.

அதனால்தான் கோபமும் வந்தது. புள்ளிகளை என்ன செய்தாய்? ‘ங்’, ‘ள்’, ‘ண்’ மூன்றின் தலையிலும் சின்னச் சின்னதாக ஓங்கிய முஷ்டி. கம்ப்யூட்டர் திரையில் நன்றாகத்தான் இருந்திருக்கும். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் வந்ததும் முஷ்டி கரைந்துபோய், ‘எஙகள மண’ என்று நின்றது. மண்ணுக்காக உட்கார்ந்தவர் கையில் ‘மண’ என்று ஓர் அட்டை!

ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். படிப்பவர் உட்கார்ந்து, இடம் பார்த்து, புள்ளியைச் சேர்த்துப் படித்துக்கொண்டார். பஸ் ஜன்னலில் போகிறவருக்கு அந்த அவகாசம் ஏது?

என் ஆசான் சுண்ணாம்பு அடித்த சுவரில் நூல் பிடித்து, நீலத்தில் எழுதி முடித்ததும் என்னை எதிர்ச்சாரிக்கு அனுப்பி உரக்கப் படிக்கச் சொல்வார். நான் திணறினால் அழித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு. ஒரு தேர்தல் ராத்திரி, புள்ளி விட்டுப்போன ஒரே எழுத்துக்காக மூன்று மைல் சைக்கிளைத் திருப்பினோம். நான் அரிக்கேன் விளக்கைப் பிடிக்க, அவர் சாரத்தில் ஏறிப் புள்ளி வைத்தார். 1953-ல் டால்மியாபுரம் ஸ்டேஷன் பலகையில் கருணாநிதியும் தோழர்களும் ‘கல்லக்குடி’ என்று தாள் ஒட்டிய கதையை வழியெல்லாம் சொல்லிவந்தார். “ஊர்ப் பேரை எழுதியதே போராட்டம்டா. அதற்கு மேல் என்ன ஜோடனை?” என்றார்.

ஜோடனையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 1968-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், குப்பை லாரியின் எந்திரத்தில் நசுங்கி இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் ஏந்திய அட்டையில் இருந்தது ‘ஐ ஆம் எ மேன்’, நான் மனிதன். தடித்த எழுத்து. ‘ஆம்’ என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் ஒரு கோடு. நரைத்த தலையையும் ‘பொடியனே’ என்று கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கோடுதான் பதில். அது சொல்லை அழுத்தியது. உன் முஷ்டி சொல்லைத் தின்றுவிட்டது.

இன்னொன்று. மூலையில் உன் பெயர், இன்ஸ்டாகிராம் முகவரியோடு. அதே 1968 மே மாதம் பாரிஸில் நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவர்கள், வாசகத்தைக் கூடிப் பேசி முடிவுசெய்து, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் போஸ்டர் போட்டார்கள். வரைந்தவர் பெயரை அவர்கள் போடவில்லை. அட்டை யார் கையில் இருக்கிறதோ, அது அவர் பேச்சு. பாட்டியம்மாள் பேசும்போது நீ குறுக்கே வராதே.

அந்த ‘ண’வைத் தொடாதே. முஷ்டிகளை எடுத்துவிட்டு, சுழியின் கனத்துக்கு ஈடாகக் கறுப்பாகப் புள்ளி வை. பெயரை அழி. எதிர்ச்சாரியில் நின்று உரக்கப் படித்துப் பார். அந்த அம்மாள் வெயிலில் கையை இறக்கவே இல்லை, தம்பி. சாயங்காலம் கை நடுங்கியது. அட்டையும் சேர்ந்து நடுங்கியது. அப்போதும் ‘மண்’ என்று படிக்க முடிய வேண்டும்.

அன்புடன்,
சுவரில் எழுதிய ஓர் அண்ணன்