கொல்லைக் கூட்டுக்கு எத்தனை எதிரிகள்?

திருமுக்கூடலில் இருக்கும் அன்புள்ள தங்கைக்கு,



செம்பருத்திச் செடியில் கூடு கட்டியிருந்த கொண்டைக்குருவியின் குஞ்சுகளை ஒரே காலையில் காகம் கொத்திக்கொண்டு போனதை எழுதியிருந்தாய். அந்தக் காகத்தைக் கல்லால் அடித்து விரட்டலாமா, இனி அந்தக் குருவி திரும்ப வருமா என்று இரண்டு கேள்விகளும் கேட்டிருந்தாய். இரண்டாவதற்கு முதலில் பதில்: பெரும்பாலும் வரும். அதே கூட்டுக்கு வராது. பக்கத்திலேயே வேறொரு செடியைத் தேடிப்பிடித்து, சில நாளிலேயே புதுக்கூடு கட்டத் தொடங்கிவிடும்.

கொண்டைக்குருவி ஒரு தடவைக்கு இரண்டு மூன்று முட்டைதான் இடும். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய 2 வாரம், குஞ்சுக்கு இறக்கை முளைத்துக் கூட்டை விட்டு வெளியேற இன்னும் 2 வாரம். இந்த ஒரு மாதத்தில் எந்த நாளிலும் கூடு பறிபோகலாம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில், கிண்ணம் போலத் திறந்திருக்கும் கூடுகளில் பாதிக்கு மேல் வெற்றி பெறாமல் போவது சாதாரணம். குருவி இதை முன்கூட்டியே கணக்கில் வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரே பருவத்தில் மறுபடி மறுபடி கூடு கட்டுகிறது. ஒரு சோடி தன் வாழ்நாள் முழுவதிலும் இரண்டு குஞ்சுகளை வளர்த்துப் பெரிய பறவைகளாக்கிவிட்டாலே போதும், அந்த ஊரில் கொண்டைக்குருவியின் எண்ணிக்கை குறையாது.

குளிர் நாட்டுக் குருவிகள் ஐந்தாறு முட்டை இடும்போது நம் பக்கத்துப் பறவைகள் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்வது ஏன்? கோஸ்டா ரிகாவில் பல பத்தாண்டுகள் பறவைக் கூடுகளைக் கவனித்து வாழ்ந்த அலெக்சாண்டர் ஸ்கட்ச் 1949-இல் ஒரு விளக்கம் தந்தார். குஞ்சு அதிகமானால் தாயும் தந்தையும் இரை கொண்டு அடிக்கடி வந்து போகவேண்டும். அப்படி வரும் ஒவ்வொரு முறையும், எங்கோ கிளையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் காகத்துக்கோ வால் காக்கைக்கோ கூட்டின் வழியைக் காட்டிக்கொடுத்த மாதிரிதான். குஞ்சு குறைந்தால் போக்குவரத்தும் குறையும்.

கூட்டை மறைப்பதில் தையல்சிட்டுக்கு நிகர் யாருமில்லை. எலுமிச்சை, கத்தரி, தேக்கு ஆகியவற்றின் இலைகளை அது தேர்ந்தெடுக்கும். இலையின் ஓரத்தில் அலகால் ஊசிமுனை அளவுக்குத் துளையிட்டு, அதன் வழியே சிலந்தி நூலையோ பஞ்சு இழையையோ இழுத்து விடும். இழையின் நுனி வெளியே பிரிந்து விரிந்துகொள்வதால் தையல் நழுவாது. ஒவ்வொரு தையலும் தனித்தனி. நம் துணித்தையலைப் போலத் தொடர்ச்சியாக ஓடாது. இலையின் மேற்புறம் வெளியே தெரியும்படி சுருட்டப்படுவதால், ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தாலும் பச்சை இலைதான் தெரியும். அதற்குள் மெத்தையும் முட்டையும் இருப்பது தெரியாது.

குஞ்சு பொரித்ததும் முட்டை ஓட்டைத் தூரக் கொண்டுபோய்ப் போடும் பறவைகள் பல உண்டு. இது வெறும் சுத்தத்துக்காகச் செய்வதில்லை. ஓட்டின் உட்புற வெள்ளை, தூரத்திலிருந்தே கண்ணில் படும். கடற்காகங்களின் முட்டைகளை வைத்து நிக்கோ டின்பெர்கன் 1960களின் தொடக்கத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார். உடைந்த ஓடு பக்கத்தில் கிடந்த முட்டைகளையே காகங்கள் அதிகம் கண்டுபிடித்தன. பறவைகளின் நடத்தையை ஆராய்ந்த இவருக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளிந்துகொள்ளத் தெரியாத பறவைகள் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன. தூக்கணாங்குருவி கிணற்றுக்கு மேல் சாய்ந்த கிளையிலும் பனையோலை நுனியிலும் கூட்டைத் தொங்கவிடுகிறது. கரிச்சான், அதுதான் இரட்டைவால் குருவி, கூடு வைத்த மரத்தை நெருங்கும் காகத்தையும் பருந்தையும் துரத்தித் துரத்திக் கொத்தும். அந்தக் காவலை நம்பிப் புறாவும் மாங்குயிலும் கொண்டைக்குருவியும் அதே மரத்தில் குடியேறுவதுண்டு. உங்கள் ஊர்ப்பக்கத்து வேடந்தாங்கலில் நாரையும் கொக்கும் ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டுவதும் பாதுகாப்புக்காகத்தான். பூனையோ கீரியோ நீந்திப்போய் மரமேறுவது எளிதல்ல. ஏரியில் தண்ணீர் இல்லாத ஆண்டில் பறவைகள் அங்கே தங்குவதில்லை. 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்திலேயே அந்த ஏரிப் பறவைகளைச் சுடுவதற்கு எதிராகக் கிராமத்தார் உரிமை பெற்றார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி எதிரிகளைப் பார்ப்போம். பாம்பு, வைரி, செம்போத்து, வால் காக்கை, ஓணான் எல்லாம் காலங்காலமாகக் குருவிகளோடு சேர்ந்தே வாழ்ந்து வருபவை. இவை கூட்டைக் கொள்ளையடித்தாலும் எந்தக் குருவியினத்தையும் அழித்துவிடவில்லை. கொம்பேறி மூக்கன் என்னும் பாம்பு, தான் கடித்தவரைச் சுடுகாடு வரை தொடர்ந்து வந்து, மரத்தின் மேலிருந்து புகையைப் பார்க்கும் என்று கதை சொல்வார்கள். அதற்கு மனிதரைக் கொல்லும் நஞ்சு கிடையாது. சாரையை அடித்துக் கொன்றால் எலி பெருகும். மரமேறும் எலி முட்டையையும் குஞ்சையும் விட்டுவைக்காது.

அமெரிக்காவின் சான் டியாகோவில் மைக்கேல் சூலேயும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 1988-இல் இதே போன்ற ஒன்றைக் கண்டார்கள். நகரம் விரிந்து துண்டு துண்டாகிப்போன புதர்க்காடுகளில், கொயோட் என்னும் நரியினம் இருந்த இடத்தில் சிறு பறவைகள் தாக்குப்பிடித்தன. கொயோட் மறைந்த இடத்திலோ பூனை போன்ற சிறிய வேட்டைக்காரர்கள் பெருகி, பறவைகள் குறைந்தன.

ஆகவே கவலைப்பட வேண்டியது நாமே சோறு போட்டுப் பெருக்கும் எதிரிகளைப் பற்றித்தான். முதலில் பூனை. காட்டு விலங்குக்கு இரை குறைந்தால் அதன் எண்ணிக்கையும் குறையும். வீட்டுப் பூனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பாலும் மீனும் தின்ற பிறகும் அது வேட்டையாடும். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894-இல் கலங்கரை விளக்கத்தோடு பூனையும் வந்து சேர்ந்தது. பறக்கத் தெரியாத ஒரு சிட்டினம் அதன்பின் விரைவிலேயே அந்தத் தீவிலிருந்து அடியோடு மறைந்தது.

அடுத்தது காகம். நம் ஊர்க் காகம் மனிதர் வாழாத இடத்தில் வாழ்வதில்லை. நாம் போடும் குப்பை எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் பெருக்கமும். கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன இதே காகம், அங்குள்ள சிறு பறவைகளின் கூடுகளைச் சூறையாடுகிறது. 10 லட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாகக் கென்யா 2024-இல் அறிவித்தது. இங்கே அது நம் மண்ணின் பறவை. அதன் கூட்டில் முட்டையிட்டு அதன் பெருக்கத்தைத் தட்டிவைக்கக் குயிலும் இருக்கிறது. எனவே கல் வேண்டாம். அமாவாசைக்கு வைக்கும் ஒரு பிடி சோற்றைப் பற்றியும் கவலை வேண்டாம். மீன் கழிவும் மிச்சச் சோறும் நாள்தோறும் தெருவோரம் திறந்து கிடப்பதைத்தான் நிறுத்தவேண்டும்.

மூன்றாவது எதிரி, கூட்டை எட்டிப் பார்க்கும் ஆசை. இலையை விலக்கிப் படம் எடுத்தால் மறைப்பு போய்விடும். தாய்க்குருவி பதறிக் கத்தும் சத்தமே காகத்துக்கு அழைப்பாகிவிடும். கூட்டைப் பார்க்கவேண்டுமானால் சன்னலருகே நின்று தூரத்திலிருந்து பார்.

செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். மாசி முதல் ஆனி வரை மருதாணி, எலுமிச்சை, செம்பருத்திச் செடிகளை வெட்டாமல் விடச் சொல். பூனை இருந்தால் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கழுத்தில் மணி கட்டினால் வளர்ந்த பறவைகள் ஓரளவு தப்பும். பறக்காத குஞ்சுக்கு மணியால் பயனில்லை. தறிவீட்டுச் சுவரில் சிட்டுக்குருவிக்குப் பெட்டி மாட்டினால், வாசல் துளை 3.2 செ.மீ. அளவுக்கு மேல் போகவேண்டாம். மைனாவால் நுழைய முடியாது. வாசலில் குச்சி வைக்காதே. குருவிக்கு அது தேவையில்லை, காகம் உட்காரத்தான் உதவும்.

இறகு முளைத்த, குட்டை வால் குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகாதே. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனைக்கு எட்டாத புதரில் வைத்துவிட்டு விலகிவிடு. இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டிலேயே திருப்பி வை. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் உங்கள் ஊர் மணலில், ஆள்காட்டிக் குருவி தரையிலேயே கூழாங்கல் நிறத்தில் முட்டையிடும். அது தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், வந்த வழியே திரும்பிவிடு. உன் தோழிகளையும் நாயையும் திருப்பி அழைத்துக்கொள். பள்ளி நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, கொல்லையில் பார்க்கும் ஒவ்வொரு கூட்டையும் தேதியோடு எழுதி வை: எந்தப் பறவை, எந்தச் செடி, குஞ்சு பறந்ததா, எது எடுத்தது. ஒரு பருவம் எழுதியதும் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்