நெஞ்சு வலியின் வகைகளும் படிகளும்

நெஞ்சில் வலி கண்டால் "வாயுப் பிடிப்பு" என்று சுக்குக் கஷாயம் அருந்திவிட்டு, மீண்டும் தறிக்கோ வயலுக்கோ செல்வது நம்மவர் வழக்கம். பல சமயம் அது வாயுவாகவே இருக்கலாம். ஆயினும் இருதய வலியை வாயுவென்று கருதிக் காலங்கடத்துவது உயிருக்கே கேடாகும். எனவே, வலியை இனம் பிரித்தறிதல் ஒவ்வோர் உறுப்பினருக்கும் அவசியம்.

காரணம்: உழைக்கும்போது இருதயத் தசைக்கு அதிக இரத்தம் வேண்டும். இரத்தக் குழாயின் உட்புறம் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், தூர்ந்த வாய்க்கால் கடைமடைக்கு நீர் தராததுபோல், வேண்டிய இரத்தம் கிடைப்பதில்லை. அப்போது எழும் வலியே 'ஆஞ்சைனா'. இதனை 1768-இல் இலண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவர் தெளிவாக விவரித்தார்.

அடையாளங்கள் மூன்று: (1) நடுமார்பில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், இது இடக்கை, கழுத்து, தாடை வரை பரவலாம். (2) உழைப்பினாலோ மனக்கலக்கத்தினாலோ தோன்றுதல். (3) ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் தணிதல். விரலால் தொட்டுக் காட்டக்கூடியதும், அழுத்தினால் மிகுவதுமான வலி பெரும்பாலும் இருதயத்தைச் சார்ந்ததன்று. ஆயினும் முதியோர், பெண்டிர், நீரிழிவுடையோர் ஆகியோருக்கு வலியின்றி மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டுமே தோன்றலாம்.

வகைகள்: ஒரே அளவான உழைப்பில் தோன்றி, ஓய்வில் தணிவது நிலையான வலி. புதிதாகத் தோன்றிக் கடுமையாவதும், அடிக்கடி வருவதும், ஓய்விலும் எழுவதும் நிலையற்ற வலி. இதுவே மாரடைப்பின் முன்னறிவிப்பு. குழாய் திடீரெனச் சுருங்குவதால், பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ வருவது மூன்றாம் வகை. இதனைப் பிரின்ஸ்மெட்டல் என்பவர் 1959-இல் விவரித்தார்.

கடுமையின் படிகள்: கனடா இருதய மருத்துவச் சங்கம் 1976-இல் வகுத்த நான்கு படிகளை மருத்துவர்கள் இன்றும் கையாளுகின்றனர்.

முதற்படி: அன்றாட வேலையில் வலியில்லை, மூட்டை சுமந்து விரைதல் போன்ற கடும் உழைப்பில் மட்டும் வரும்.
இரண்டாம் படி: விரைந்து நடந்தாலும், குன்றக்குடி மலைபோல் மேடேறினாலும், உண்டபின் நடந்தாலும் வரும்.
மூன்றாம் படி: சமதரையில் சிறிது தூரம் நடந்தாலும், ஒரு மாடி ஏறினாலும் வரும்.
நான்காம் படி: எச்சிறு வேலையிலும் வரும், ஓய்விலும் வரலாம்.

எந்தப் படி என்பதைக் காட்டிலும், படி மாறியதா என்பதே முக்கியம். கண்டாங்கிச் சேலை ஒன்றை நெய்து முடிக்கும்வரை வலியறியாதிருந்தவர், சில வாரங்களில் ஒரு முழம் நெய்வதற்குள் நெஞ்சைப் பிடிப்பாராயின், அது நிலையற்ற வலியே. கூலி குறையுமென்று கருதி அன்றைய நெசவை முடிக்க முயலுதல் கூடாது.

செய்யத்தக்கவை: வலி வந்தால் வேலையை நிறுத்தி அமர்க. ஓய்விலும் சில நிமிடங்களில் தணியாவிடினும், வியர்வையோ மயக்கமோ சேர்ந்தாலும், உடனே 108-ஐ அழைக்க. தனியே வண்டியோட்டிச் செல்லற்க. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் முதலுதவி மாத்திரைகள் அளித்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். முதல் இருதய மின்பதிவு சரியாக இருந்தாலும் நோயில்லை என்று துணிதல் ஆகாது. இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை நான்கு: என்று தொடங்கியது, எவ்வேலையில் வந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, முன்னைக்கு இப்போது எவ்வாறு மாறியது. இந்நான்கையும் குறித்து வைத்தல் நோயாளிக்கும் மருத்துவருக்கும் பேருதவியாகும்.