மேற்கோள் எண்ணிக்கையை நம்பலாமா?

கேள்வி: மூளைக்கும் ஹார்மோன்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய என் மகள் விரும்புகிறாள். பேராசிரியர்களை அவர்களுடைய மேற்கோள் எண்ணிக்கையை வைத்து எடைபோடலாமா?
– வாசகி, லிங்கி

பதில்: ஓரளவுக்குத்தான், அம்மா. 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடு ஒரு பேராசிரியருக்கு 30 என்றால், குறைந்தது 30 முறை மேற்கோள் காட்டப்பட்ட 30 கட்டுரைகள் அவருக்கு உண்டு என்று பொருள். அவற்றில் எது புதிய கண்டுபிடிப்பு, எது தொகுப்புரை என்பதை அந்த எண் காட்டாது.

புதிய கண்டுபிடிப்பு செய்தவருக்கு நம் மலேசியாவிலேயே உதாரணம் உண்டு. சன்வேயிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வை வளர்த்த ஈஷ்வர் பர்ஹார், அதற்கு முன் ஜப்பானில் பணியாற்றினார். ஜிபிஆர்54 என்ற ஏற்பி பழுதானால் மனிதர்கள் பருவமடைவது தடைபடும் என்று 2003இல் தெரியவந்தது. அந்த ஏற்பி மூளையில் எங்கே வேலை செய்கிறது? 2004இல் பர்ஹாரும் சக ஆய்வாளர்களான ஓகாவாவும் சகுமாவும் திலாப்பியா மீனின் மூளையிலிருந்து தனித்தனி நரம்பணுக்களை லேசரால் பிரித்தெடுத்தார்கள். இனப்பெருக்க ஹார்மோனைத் தூண்டும் அணுக்களிலேயே அந்த ஏற்பி இருப்பதைக் காட்டினார்கள். நம் குளத்து மீனிலிருந்து வந்த விடை! பிறர் அதன்மேல் ஆய்வைக் கட்ட முடிந்தது. மேற்கோளின் உண்மையான மதிப்பு அதுதான்.

மகளை இப்படி ஒரு கட்டுரையை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்த ஆய்வகத்து மாணவர்கள் முதல் ஆசிரியராக எழுதுகிறார்களா என்றும் பார்க்கட்டும்.