ஈய எழுத்திலிருந்து டி.டி.பி.க்கு

கையால் ஈய எழுத்து கோக்கும் வேலை தமிழ்நாட்டு அச்சகங்களில் 1980களின் இறுதியிலிருந்து வேகமாகக் குறைந்தது. 1985இல் வெளிவந்த பேஜ்மேக்கர் மென்பொருள், லேசர் பிரிண்டர், ஆப்செட் மூன்றும் கைகோத்தபின், எழுத்துப் பெட்டியான கேஸ் முன் நின்றவர்கள், கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. கற்க வேண்டும் அல்லது வேறு பிழைப்புத் தேட வேண்டும் என்றானது. வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் பெரும்பாலோரால் முடியவில்லை. மாலை வகுப்புதான் வழியானது.

அந்த வகுப்புகள் முதலில் அளந்தது தட்டச்சு வேகத்தை. தட்டச்சில் ஹையர் தேர்வு முடித்து வந்த இளைஞர்களோடு நாற்பது வயது விரல்கள் போட்டியிட்டன. பக்கக் கணக்கில் கூலி என்பதால் தோல்வி உடனே பையில் தெரிந்தது. அச்சுக்கோப்பவர்கள் பெரிதும் இழந்தது இங்கேதான். எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் தலைகீழாக நிற்கும் எழுத்தைத் தடையின்றிப் படிக்கும் கண், வரியை நிரப்ப இடைவெளியைப் பங்கிடும் கணக்கு, ஒற்று மிகும் இடம், சொல்லை முறிக்கும் இடம், புரூஃப் குறிகள் ஆகிய எதையும் பயிற்சி மையங்கள் கேட்கவில்லை. கேட்காததால் அவற்றுக்கு மதிப்பில்லை என்று கோப்பவர்களே நம்பி, கற்றுக்குட்டிக் கூலிக்கு ஒப்புக்கொண்டார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பிறகு ணை, லை, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களை விட்டுப் புதிய முறையில் கோக்கப் பழகியவர்களும் இவர்களே. அதற்கு எந்த மையமும் சான்றிதழ் தரவில்லை, கட்டணமும் வாங்கவில்லை.

ஆகவே மறுபயிற்சியில் சேருமுன், பழைய வேலையில் கைப்பழக்கம் எது, மொழியறிவும் பக்க அறிவும் எவை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கைப்பழக்கம் போய்விடும். மற்றவற்றுக்குத் தனிக் கூலி பேசலாம். பக்க வடிவமைப்புக்கும் புரூஃபுக்கும் தட்டச்சுக் கூலியை ஏற்கக் கூடாது. மென்பொருள் கட்டளைகள் பழகப் பழக வந்துவிடும்.

விசைப்பலகையில் மட்டும் கவனம் தேவை. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவுக்கே பொருந்தும் முறையைக் கற்றவர்கள் மறுபடி தொடங்க நேர்ந்தது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை ஒருங்குறியிலும் (யூனிகோட்) தொடர்கிறது. பேஜ்மேக்கரோ 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோனது.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சான நூல்களை ஒருங்குறிக்கு மாற்றும்போது கொம்புகள் இடம் மாறுகின்றன, ஒற்றுகள் உதிர்கின்றன. மறுபதிப்புக்கு முன் அவற்றை வரிவரியாகப் பார்த்துத் திருத்தும் வேலை, ஈய எழுத்தில் கண் பழகியவர்களுக்கு இன்றும் கிடைக்கிறது.