வெள்ளிக் காசில் ஒரு தமிழ்ப் பெயர்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூ வாங்கப் போனால், கடைக்கார அம்மா "மூனு வெள்ளி, தம்பி" என்பார். நாம் நீட்டுவதோ ரிங்கிட் தாள். 1975இல் ரிங்கிட் என்பது அதிகாரப்பூர்வப் பெயரான பிறகும் 'வெள்ளி' நம் வாயை விட்டுப் போகவில்லை. ஸ்பெயின், மெக்சிகோ நாட்டு வெள்ளி நாணயங்கள் மலாயாத் துறைமுகங்களில் புழங்கிய காலத்தின் எச்சம் அது. அயல்நாட்டு வெள்ளியோடு தமிழருக்கு உள்ள உறவு இன்னும் பழையது. அதற்குச் சான்றான சேரர் நாணயம் ஒன்றை இக்கட்டுரை அறிமுகப்படுத்துகிறது.

முகம் வந்த வழி

அரசன் தன் முகத்தை நாணயத்தில் பொறிக்கும் வழக்கம் அலெக்சாந்தருக்குப் பின் வந்த கிரேக்க அரசர்களிடம் வேரூன்றியது. எகிப்தை ஆண்ட முதலாம் தாலமி அவர்களுள் முன்னோடி. ரோமில் கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் முகம், அவர் உயிரோடிருக்கும்போதே நாணயத்தில் இடம்பெற்றது. பின்வந்த அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் தினாரியஸ் எனும் வெள்ளிக் காசுகள் வணிகத்தின் வழியே தமிழகம் வந்தன. மிளகு அங்கே அவ்வளவு விரும்பப்பட்டது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை ஈர்த்துக்கொள்கிறது என்று ரோமானிய அறிஞர் பிளினி குறைபட்டுக்கொண்டார். கோவை, கரூர் வட்டாரங்களில் ரோமானியக் காசுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன.

மாக்கோதை

சங்க கால மன்னர் பெயர் பொறித்த காசே இல்லை என்று கருதப்பட்ட காலமும் உண்டு. பாண்டியன் பெருவழுதியின் செப்புக்காசு 1980களில் அறிமுகமானபின் அக்கருத்து மாறியது. அதன் பின்னர் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த வெள்ளிக்காசில், ரோமானியக் காசின் சாயலில் ஒரு முகமும், தமிழ் பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்ற பெயரும் இருந்தன. 'குட்டுவன் கோதை' என்ற பெயருடைய காசும் கிடைத்தது. இவற்றை ஆராய்ந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, சங்க காலத் தமிழ் நாணயங்கள் பற்றி 1997இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார்.

முகம் பொறிக்கும் முறை ரோமானியருடையது. பெயரும் எழுத்தும் நம்முடையவை. லத்தீன் எழுத்தைப் பார்த்து அப்படியே பொறிக்காமல், தன் மக்கள் படிக்கும் எழுத்தில் அந்த அரசன் தன் பெயரை இட்டான்.

அவன்தானா இவன்?

புறநானூற்றின் 245ஆம் பாடலைப் பாடியவர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மனைவியை இழந்தும் தான் உயிரோடிருப்பதை எண்ணி வருந்தும் கணவனின் பாட்டு அது. காசில் உள்ள முகம் அந்தக் கவிஞனுடையது என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிடாது. கோதை என்பது சேரர் பலர் தாங்கிய பெயர். காசின் காலம் பற்றியும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இடைநிலைப்பள்ளியில் படித்தபோது ஒரு பேச்சுப் போட்டியில், "உலகிற்கே நாணயம் தந்தவன் தமிழன்" என்று முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது. "ஆதாரம் என்ன, தம்பி?" என்று நடுவர் கேட்டபோது பதில் கிடைக்கவில்லை. இன்று கேட்டால் இந்தச் சிறு காசைச் சொல்வேன். வந்ததை ஏற்று, அதில் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதியவன் தமிழன் என்பேன். அது நான் முழங்கியதைவிடச் சிறிய பெருமைதான். ஆனால் அதற்கு ஆதாரம் இருக்கிறது.